கடுகு பொரியும் சத்தம்

கம்பெனி பஸ் திரும்பும் முனையில் நின்று யாக்கோபு வீடு எது என்று கேட்டால், "எந்த யாக்கோபு? மேஸ்திரியா, ரெக்கார்டா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வல்லக்கோட்டையைத் தாண்டி இருக்கும் அந்த ஊரில் இசைத்தட்டு வைத்திருந்த ஒரே ஆள் ரெக்கார்டு யாக்கோபுதான். சினிமாப் பாட்டுத் தட்டுகள் இல்லை அவை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் எங்கோ வெளிநாட்டில் நீள முடி வளர்த்த இளைஞர்கள் கிடாரும் டிரம்ஸுமாகப் போட்டு முழக்கிய ராக் தட்டுகள். பாட்டில் வரும் இங்கிலீஷ் யாக்கோபுக்கே பாதிதான் புரியும். குழுக்களின் பெயரைச் சொல்ல நாக்கு புரளாது என்பதால், அட்டைப் படத்தை வைத்து அவரே பெயர் சூட்டியிருந்தார். மஞ்சள் லாரி, கிணறு, தொப்பிக்காரன். மனைவி மதிவதனி தூசி தட்டும்போதுகூட, "தொப்பிக்காரன எங்க வைக்கட்டும்?" என்றுதான் கேட்பாள்.

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஆலை ஒன்றில் அவருக்கு பிரஸ் ஷாப் வேலை. இரும்புத் தகட்டை உள்ளே தள்ளினால் மேலிருந்து ஒரு யானை எடை இறங்கி அதைக் கதவாகவும் மூடியாகவும் மடித்துத் துப்பும். அடி விழும்போது காலுக்குக் கீழே தரை துள்ளும். ஆலை தொடங்கிய வருடமே சேர்ந்தவர் யாக்கோபு. அந்த இயந்திரங்களைப் பொருத்த வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஸ்ரீபெரும்புதூரில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் மின்சாரம் போய்விட, ஒயரிங் தெரிந்த ஆள் என்று யாக்கோபை அனுப்பினார்கள். ஃபியூஸைப் போட்டதும், பாதியில் நின்றிருந்த தட்டு தானாகச் சுழல ஆரம்பித்தது.

சர்ச்சில் கிடார் வாசிக்கிறவர் யாக்கோபு. பாட்டு அவருக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்குக் கேட்டதைப் போல ஒன்றை அவர் கேட்டதில்லை. டிரம்ஸுக்குப் பக்கத்தில் தொங்கும் பித்தளைத் தட்டை, அந்த சிம்பலை, ஒருவன் குச்சியால் தட்டுகிறான். அது ஒலித்து, விரிந்து, மெலிந்து, காற்றில் கரைகிற வரைக்கும் கேட்கிறது. கையில் டெஸ்டரோடு அப்படியே நின்றுவிட்டார். அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். ஊருக்குத் திரும்பும்போது ஜெர்மன்காரர் பிளேயர், ஆம்ப், ஸ்பீக்கர், ஒரு பெட்டி தட்டு என்று மொத்தத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து ஞாயிறு காலை ஆராதனை, மதியம் ரெக்கார்டு என்று ஆகிவிட்டது யாக்கோபு வாழ்க்கை.

இளம்பரிதி அந்த வீட்டுக்கு வந்தது சண்டை போட்டுத்தான். தண்டலம் பக்கம் படித்துவிட்டு ஆலையில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தவன். கேன்டீனில் யாக்கோபு யாரிடமோ, "பிளேட்டுல கேக்கற மாதிரி செல்லுல கேக்காதுபா" என்று சொல்லிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்தது.

"அண்ணா, செல்போன்ல கேட்டுட்டு டிஜிட்டல்னா இவ்ளோதான்னு சொல்லாதீங்க" என்று அவன் எழுந்து வந்தான். "நல்ல ஃபைல் இருந்தா ரெக்கார்டு கிட்டயே வர முடியாது. அதுல கரகரப்பு, தேய்மானம், ஊசி வேற. இதெல்லாம் சும்மா மனப்பிராந்தி."

"அப்டியா? வூட்டுக்கு வா. ரெண்டையும் போடு. நான் சொவத்த பாத்து உக்காந்துக்கறேன். எது எதுன்னு சொல்றேன்."

அவன் வந்தான். லேப்டாப், அதில் செருகும் சின்ன டப்பா, நல்ல ஒயர் எல்லாம் கொண்டுவந்தான். மஞ்சள் லாரியின் அதே பாட்டு ஃபைலாகவும் அவனிடம் இருந்தது. ஆம்ப்பில் இரண்டையும் செருகி, ஒரே அளவு சத்தம் வைத்து, யாக்கோபைச் சுவர் பக்கம் திருப்பி உட்காரவைத்துவிட்டு மாற்றி மாற்றிப் போட்டான். யாக்கோபு ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"கரகரப்ப வெச்சு கண்டுபுடிக்கறீங்க" என்றான் இளம்பரிதி.

"கரகரப்பு இல்லபா. ஃபைல்ல சிம்பல் கண்ணாடி மாதிரி கீது. பிளேட்டுல பித்தள மாதிரி கீது. அது பித்தளதான?"

 இளம்பரிதிக்கு விட மனசில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வேறு வேறு ஃபைலோடு வந்தான். கூட வேலை செய்கிற சிலரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மதிவதனி டீ போட்டுக் கொடுப்பாள். இந்தப் பாட்டு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள்: தட்டு ஓட ஆரம்பிக்கும்போது, பாட்டு வருவதற்கு முன்னால், எண்ணெயில் கடுகு போட்டதுபோல ஒரு சத்தம் வரும். அடுப்படியிலிருந்தே, "கடுகு பொரியுது, பிளேட்டுதான்" என்று குரல் கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். "அண்ணி, நீங்க போட்டியில இல்ல" என்பான் இளம்பரிதி.

போட்டி என்ற பெயரில் ஆரம்பித்தது மெல்ல வேறாகிவிட்டது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பாட்டின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஃபைலில் கிடாரின் அடித்தந்தி எவ்வளவு தெளிவாக வருகிறது என்று யாக்கோபு ஒப்புக்கொள்வார். தட்டில் பாடுகிறவன் மூச்சிழுப்பது பக்கத்தில் கேட்கிறதே என்று இளம்பரிதி ஒப்புக்கொள்வான். யாக்கோபுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. மகள் அறிவுமதி வேலூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பையன் வந்து பேசிவிட்டுப் போகிற மதியங்கள் அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தன என்பது அவருக்கே பின்னால்தான் தெரிந்தது.

இதற்கிடையே சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. மகள் போனில் பேசினால், "வாய்க்குள்ளயே பேசாத, தொறந்து பேசு" என்று சொல்லி மதிவதனியிடம் போனைக் கொடுத்துவிடுவார். டிவி சத்தத்தைக் கூட்டுவார். சர்ச்சில் சிறுவர்கள் வசனம் ஒப்பிக்கும்போது யார் நன்றாகச் சொன்னார்கள் என்று மனைவியைக் கேட்பார். வயது ஏறுகிறது, பிரஸ் ஷாப்பில் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இளம்பரிதி முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். சென்னையில் பழைய பொருள் கடையில் ஒரு தட்டு வாங்கியிருந்தான். அட்டையில் ஒரு பாழடைந்த ரயில் நிலையம். யாக்கோபு கேட்டே இராத குழு. அதன் ஃபைலையும் தேடிப் பிடித்திருந்தான்.

"இன்னிக்கு மாட்டுவீங்க" என்றான்.

யாக்கோபு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முதல் பாட்டு. "ஃபைல்" என்றார். இல்லை, தட்டு. இளம்பரிதி கைதட்டிச் சிரித்தான். மாற்றினான். "பிளேட்டு." இல்லை, ஃபைல். மறுபடி தப்பு. யாக்கோபு திரும்பிப் பார்த்தார். ஊசியைத் துடைத்தார். ஒயரைக் கழற்றி மாட்டினார். "பக்கத்து வூட்ல மோட்டார் போட்டுக்கினு கீறாங்க. வோல்டேஜ் இறங்கிச்சு" என்றார். மோட்டார் நிற்கிற வரைக்கும் காத்திருந்து மறுபடியும் உட்கார்ந்தார். மறுபடியும் தப்பு.

"இந்தப் பிளேட்டு வேற மாதிரிபா" என்றார் கடைசியில். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. "எவ்ளோ சுத்தமா கீது பாரு. ஒரு பொட்டு கரகரப்பு இல்ல. புதுசு மாதிரி வெச்சிருந்திருக்கான் எவனோ. அதான் ஃபைல் மாதிரியே கேக்குது."

டீயைக் கொண்டுவந்த மதிவதனி நின்றாள். "இன்னாங்க சொல்றீங்க? கடுகு பொரியற மாதிரி பொரிஞ்சிக்கினே கீதே."

"எங்க?"

"இதோ, இப்பக்கூட."

யாக்கோபு இளம்பரிதியைப் பார்த்தார். அவன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வெளிச்சத்தில் தட்டின் மேல் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன.

யாக்கோபு எழுந்து மஞ்சள் லாரியை எடுத்துப் போட்டார். சிம்பல் வந்தது. பித்தளையாக, விரிந்து, மெலிந்து, அவர் எப்போதும் கேட்கிற மாதிரியே வந்தது. "பாத்தியா, கேக்குதே" என்றார். மறுபடி ரயில் நிலையத்தைப் போட்டார். டிரம்ஸ் அடி கேட்டது. பேஸ் கிடார் கேட்டது. பாடுகிறவன் வாயைத் துணியால் மூடிக்கொண்டு பாடினான். சிம்பல் இல்லை.

"இந்தப் பாட்டுல சிம்பலே அடிக்கல இல்ல?"

"அடிக்கறாங்கண்ணா" என்றான் இளம்பரிதி, மெதுவாக. "முழுக்க அடிக்கறாங்க."

பிறகு அவன் செல்போனில் எதையோ திறந்தான். சத்தம் வரும், கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றான். தாழ்ந்த சத்தங்களுக்கெல்லாம் யாக்கோபு டக்டக்கென்று கை தூக்கினார். பிறகு கையை மடியில் வைத்துக் காத்திருந்தார். மதிவதனி காதைப் பொத்திக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "இன்னும் ஆரம்பிக்கல தான?"

இளம்பரிதி செல்லை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

காஞ்சிபுரத்தில் காது டாக்டர் ஒருவரைப் பார்த்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து நன்றாகவே சோதித்தார்கள். டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். இடதுபக்கத்திலிருந்து கோடு நேராக வந்து, நடுவில் பள்ளத்தில் விழுந்திருந்தது.

"உள்காதுல புல்லு மாதிரி மெல்லிசா இருக்கும். புல்லு மேல லாரி ஏறினா படுக்கும், மறுநாள் நிமிரும். தினமும் ஏறிக்கிட்டே இருந்தா?" என்று கேட்டார் டாக்டர். "கீச்சுனு வர்ற சத்தம், ச, த, இந்த எழுத்து, பறவை, மணி, இதெல்லாம் உங்களுக்குப் போயிடுச்சு. திரும்பி வராது. இருக்கறதையாவது காப்பாத்தணும்னா அந்த இடத்துல வேலை பார்க்கக் கூடாது."

"பழைய பாட்டுல கேக்குதே டாக்டர். சிம்பல் தெளிவா கேக்குதே."

"எத்தனை வருஷமா கேட்கறீங்க அந்தப் பாட்டை?"

யாக்கோபு சொன்னார்.

"அது காது இல்லீங்க" என்றார் டாக்டர். தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். காது மிஷின் ஒன்று எழுதிக் கொடுத்தார், பேச்சு புரிய உதவும் என்று.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மதிவதனி கேட்டாள்: "வருஷா வருஷம் கம்பெனியில வேன் வந்து காத டெஸ்ட் பண்றாங்களே. அதுல ஒண்ணியும் சொல்லலியா?"

யாக்கோபு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வேன் வரும். உள்ளே ஒரு பெட்டி மாதிரி அறை. காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். சத்தத்தை அனுப்புகிற பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். அவள் விரல் அசைவது தெரியும். விரல் அசைந்தால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. புதிதாக வருகிறவனுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தேறாவிட்டால் லைனை விட்டு எடுத்துவிடுவார்கள். லைனை விட்டு எடுத்தால் ஓ.டி. காசு போய்விடும், கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் வேலையே போய்விடும். சூப்பர்வைசரும், "சீக்கிரம் பாஸ் பண்ணிட்டு வாங்கப்பா, லைன் நிக்குது" என்றுதான் அனுப்புவார். யாக்கோபும் வருடா வருடம் சிரித்துக்கொண்டே விரலைப் பார்த்து அழுத்திவிட்டு வந்தவர்தான். உண்மையிலேயே கேட்டு அழுத்தியது எந்த வருடத்தோடு நின்றது என்று அவருக்கு நினைவில்லை.

இயர் பிளக் கொடுப்பார்கள். ஆரஞ்சு நிறத்தில், பஞ்சு மாதிரி. அதை அவர் ஒரு காதில் மட்டும்தான் போட்டுக்கொள்வார். தகடு கோணலாக உள்ளே போனால் அடியின் சத்தம் மாறும். அதைக் காதால் பிடித்துவிட்டால் டை, தகட்டை மடிக்கிற அச்சு, உடையாது. அவர் லைனில் டை உடைந்ததே இல்லை என்று ஒரு முறை மேடையில் ஏற்றிப் பரிசுகூடக் கொடுத்திருந்தார்கள்.

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு யாக்கோபு எச்.ஆர். அறைக்குப் போனார். அங்கே அதிகாரி லோகேஷ். மரியாதையான ஆள். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, சீட்டைப் படித்தார். "பாவம்ங்க" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். கம்பெனி டாக்டரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். யாக்கோபு கேட்டது ஒன்றுதான்: சம்பளம் குறையாமல் சத்தம் இல்லாத இடத்துக்கு மாற்றல்.

பதினைந்து இருபது நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். லோகேஷ் பக்கத்தில் கம்பெனி டாக்டரும் இருந்தார். மேசை மேல் யாக்கோபின் பழைய ரிப்போர்ட்டுகள்.

"எல்லா வருஷமும் நார்மல்" என்றார் டாக்டர். "போன வருஷம்கூட நார்மல். இத்தனை வருஷம் பிரஸ் ஷாப்ல ஒண்ணும் ஆகல. ஒரே வருஷத்துல இப்படி ஆயிருக்குன்னா, வேற காரணம் இருக்கணும் இல்லையா?"

"வேற இன்னா காரணம் சார்?"

லோகேஷ் கொஞ்சம் தயங்கினார். "உங்க வீட்டுல ராக் மியூசிக் கேட்கறீங்களாமே. பெரிய ஸ்பீக்கர் வெச்சு."

"ஆமா சார். சும்மா, ஞாயித்துக்கெழம. பக்கத்துல பேசினா கேக்கற அளவுக்குத்தான் வெப்போம். எங்க வூட்டம்மா அடுப்படியிலேர்ந்து பேசுவாங்க."

"ஊரே அதிரும்னு சொன்னாங்களே."

"யார் சார் சொன்னது?"

"குவாலிட்டில இளம்பரிதி. அவர் தப்பா ஒண்ணும் சொல்லல. பேச்சு வாக்குல கேட்டேன், சொன்னார்."

யாக்கோபுக்கு அறை முழுக்க ஒரு இரைச்சல் கேட்டது. ஏசி சத்தமா, காதுக்குள் அவருக்கு மட்டும் கேட்கிற சத்தமா என்று தெரியவில்லை. வாயைத் திறந்தார். அந்த ரிப்போர்ட்டெல்லாம் பொய் சார், விரலைப் பார்த்துத்தான் சார் அழுத்தினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். நீ மட்டுமா, எல்லோருமா? எல்லோரையும் அந்தப் பெட்டிக்குள் மறுபடி உட்காரவைப்பார்கள். இந்த முறை கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்காரவைப்பார்கள். எல்லப்பன் இன்னும் கான்ட்ராக்ட். பக்கத்து மிஷினில் நிற்கிறவன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், தோளைத் தட்ட வேண்டும்.

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"உங்க மேல எங்களுக்கு வருத்தம் ஒண்ணும் கிடையாது" என்றார் லோகேஷ். "டாக்டர் எழுதறதைத்தான் நான் எழுத முடியும். டிஸ்பாட்ச்ல ஒரு இடம் இருக்கு. அங்க கிரேடு கொஞ்சம் கம்மி. பார்த்துக்கோங்க."

சொந்தப் பழக்கத்தால் ஏற்பட்ட குறை என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே யாக்கோபு கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் பிரஸ் ஷாப்புக்கே திரும்பிப் போகலாம் என்றார்கள். மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. வேறு எந்தக் கதவும் அவருக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. இரும்பு இரும்பின் மேல் விழுந்து அவர் காதைத் தின்றது. அந்தக் காதில் மிச்சம் இருந்ததையெல்லாம் அவர் எதற்காக வைத்திருந்தாரோ, அந்தப் பாட்டின் தலையில் பழியைப் போட்டாயிற்று. அதற்கு அவரே கையெழுத்தும் போட்டாயிற்று.

விஷயம் தெரிந்ததும் இளம்பரிதி நேராக எச்.ஆர். அறைக்கு ஓடினான். சத்தமாக வைக்கவே மாட்டார்கள் சார், நான் பெருமைக்குச் சொன்னேன் சார் என்றான். "நீங்க சொன்னதை வெச்சு மட்டும் எழுதலையே" என்றார் லோகேஷ். "ரிப்போர்ட்டு இருக்கு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அவன் யாக்கோபு வீட்டு கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே நின்றான். கையில் லேப்டாப் பை இல்லை. மதிவதனி பார்த்துவிட்டு உள்ளே வந்து சொன்னாள். அவளுக்கு அவன் மேல் ஆத்திரம் ஆறவில்லை. யாக்கோபு எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"உள்ள வா."

"அண்ணா, அந்த எச்.ஆர். ஆளு கேன்டீன்ல சிரிச்சுக்கினு கேட்டார்ணா. உங்க வூட்ல கச்சேரியாமேன்னு. நான் நம்ம செட்ட பத்தி பெருமையா..." அவன் வண்டியிலிருந்து இறங்கினான். "சத்தியமா தெரியாதுண்ணா."

"தெரியும்பா. உள்ள வா. வெயில்ல நிக்காத."

அவன் வந்து உட்கார்ந்தான். மதிவதனி தண்ணீர் வைத்துவிட்டுப் போய்விட்டாள். யாக்கோபு அவனைத் திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவருக்கும்தான். ஆனால் கோபம் வருவதற்கு ஓர் ஆள் வேண்டும். இவனைப் பார்த்தால் வரவில்லை. லோகேஷை நினைத்தாலும் வரவில்லை. விரலசைத்த பெண்ணுக்கு அவர் முகம்கூட ஞாபகம் இருக்காது. தன் மேலேயே கோபப்படலாம் என்று பார்த்தார். அதுவும் முழுதாக வரவில்லை. அன்றைக்கு யாரும் பிளேயரைத் தொடவில்லை. சில மாதம் கழித்து இளம்பரிதிக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் சொல்லிக்கொள்ள வந்தான். யாக்கோபு பஸ் முனை வரை கூட நடந்தார். ரயில் நிலையத் தட்டை அவன் திருப்பிக் கேட்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை.

டிஸ்பாட்ச் யார்டில் வேலை கஷ்டமில்லை. லாரிகளில் சரக்கு ஏறும்போது சரிபார்க்க வேண்டும். டிரைவர்கள் இந்தியில் எதையோ சொல்வார்கள். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் எல்லப்பனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். காதருகே, உரக்க.

"அடுத்த தபா வேன் வந்தா அந்தப் பொண்ணு கைய பாக்காதடா. கண்ண மூடிக்கோ. கேட்டா மட்டும் அமுக்கு. இப்பவே தெரிஞ்சிக்கினா மிச்சத்தயாவது..."

எல்லப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். பிறகு, "தெரிஞ்சிக்கினு இன்னா பண்றது யாக்கோபு?" என்றான். "உன்ன டிஸ்பாட்ச்ல போட்டாங்க. என்ன கேட்டுக்கு வெளிய போடுவாங்க. ரெண்டு பொண்ண வெச்சிக்கினு கீறேன் நான்."

எல்லப்பன் அவர் தட்டில் தன் அப்பளத்தை வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். வேன் வந்தபோது யார்டிலிருந்தே வரிசை தெரிந்தது. எல்லப்பன் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே இறங்கினான். தேறிவிட்டான்.

காது மிஷினை யாக்கோபு வீட்டில் பேசுவதற்குப் போட்டுக்கொள்வார். மகள் போன் செய்தால் போடுவார். வாங்கிய புதிதில், பொங்கலுக்கு முன்னால், ஒரே ஒரு தடவை அதைப் போட்டுக்கொண்டு மஞ்சள் லாரியைப் போட்டுப் பார்த்தார். எவர்சில்வர் தட்டுகளை மாடியிலிருந்து கொட்டியது மாதிரி இருந்தது. பிடுங்கி மேசையில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிறு மதியங்களில் மிஷின் இல்லாமல்தான் உட்கார்வார். பழைய தட்டுகள் மட்டும். கேட்கிறதெல்லாம் கேட்கிறது என்று மதிவதனியிடம் சொல்வார். அவளும் சரி என்பாள்.

இந்தக் கோடையில் வீட்டைச் சுத்தம் செய்தபோது ஸ்பீக்கர்களை நகர்த்தினார்கள். பின்பக்கம் எலி புழுக்கை கிடந்தது. யாக்கோபு குனிந்து பார்த்தார். கீச்சு சத்தத்தைக் கொடுக்கிற சின்ன ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒயர் இரண்டு பெட்டியிலும் கடித்துத் துண்டாகிக் கிடந்தது. கடிபட்ட செம்பு நிறம் மங்கிப் பச்சை பூத்திருந்தது. இன்றோ நேற்றோ நடந்ததில்லை.

"நான்கூட நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள் மதிவதனி. "பொங்கல்லேர்ந்தே பாட்டு மந்தமா கீதேன்னு. இன்னாமோ நீங்கதான் அப்டி வெச்சிருக்கீங்கன்னு கம்முனு இருந்துட்டேன்."

பொங்கலிலிருந்து எத்தனையோ ஞாயிறு போயிருக்கிறது. அத்தனை ஞாயிறும் அவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து ஒவ்வொரு சிம்பலையும் கேட்டிருந்தார். இந்த இடத்தில் ஒன்று, இந்த இடத்தில் இரண்டு என்று விரலால் தொடையில் தட்டிக்கொண்டு. பெட்டியிலிருந்து எதுவும் வந்திருக்கவில்லை.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மதிவதனி பக்கத்தில் வந்து நின்றாள். "உட்டுடுங்க. அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.

யாக்கோபு எழுந்து டெஸ்டரும் ஒயரும் தேடி எடுத்தார். அறுந்த நுனிகளைச் சீவினார், முறுக்கினார், டேப் சுற்றினார். இரண்டு பெட்டியையும் பழைய இடத்தில் வைத்தார். கையில் அகப்பட்ட தட்டைப் போட்டார். கிணறு. ஊசியை இறக்கிவிட்டு ஆம்ப் பக்கத்திலேயே நின்றார். பாட்டு ஆரம்பித்தது. அவருக்கு போன வாரம் கேட்ட மாதிரியேதான் கேட்டது. அதே பித்தளை, அதே இடத்தில்.

"வருதா?" என்று கேட்டார்.

மதிவதனி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்பீக்கர் அருகே போய்த் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இதுவரை அந்தப் பாட்டை அவள் நின்று கேட்டதில்லை.

"வருது" என்றாள். "ரெண்டுலயும் வருது."

"சரி" என்றார் யாக்கோபு. டேப்பையும் டெஸ்டரையும் எடுத்து உள்ளே வைக்கப் போனார்.